சகாப்தம் சொல்லாத நேரமுத்திரை

நேரமுத்திரை என்பது ஓர் எண்ணிக்கை. குறிப்பிட்ட ஒரு தொடக்கக் கணத்திலிருந்து எவ்வளவு நேரம் கழிந்தது என்பதை மட்டும் அது சொல்லும். அந்தத் தொடக்கக் கணம் எது, எண்ணப்படுவது விநாடியா மில்லிவிநாடியா, எண்ணுக்கு எத்தனை பிட் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்ற மூன்று விவரமும் எண்ணுக்குள் இருப்பதில்லை. அனுப்பும் கணினியும் பெறும் கணினியும் அவற்றை முன்கூட்டியே ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். கணினிக் கடிகாரங்களை ஒத்திசைய வைக்கும் மென்பொருளில் நெடுநாள் வேலை பார்த்தவர்கள் தேடிப் பிடித்த பிழைகளில் பெரும்பகுதி, இந்த மூன்றில் ஏதோ ஒன்றைப் பற்றிய தவறான அனுமானத்தில்தான் போய் முடியும்.

ஒதுக்கிய இடத்துக்கு எல்லை உண்டு. எனவே எண்ணிக்கை ஒருநாள் நிரம்பும். நிரம்பியதும் சுழியத்துக்குத் திரும்பும். இதுதான் ரோல்ஓவர். தமிழ் ஆண்டுக் கணக்கோடு பழகியவர்களுக்கு இது புதிதல்ல. பழைய கடிதம் ஒன்றில் ‘குரோதி வருஷம் ஆவணி 10’ என்று மட்டும் தேதி இருந்தால், அது 1904ஆம் ஆண்டாக இருக்கலாம், 1964ஆக இருக்கலாம், 2024ஆகவும் இருக்கலாம். அறுபதுக்குள் எத்தனையாவது வருஷம் என்பது எழுதப்பட்டிருக்கிறது. எத்தனையாவது சுற்று என்பது எழுதப்படவில்லை. கடிதத்தைப் படிப்பவர் தபால் தலையைப் பார்ப்பார், தாளின் பழுப்பைப் பார்ப்பார், எழுதியவர் எப்போது வாழ்ந்தார் என்று விசாரிப்பார். மென்பொருளும் இதே வேலையைச் செய்தாக வேண்டும். விடுபட்ட சுற்றை அது எதை வைத்து நிரப்புகிறது என்பதுதான் இந்தத் தொழிலின் மையமான கேள்வி.

நெட்வொர்க் நேர நெறிமுறையான என்டிபியை வடிவமைத்தவர் டெலவேர் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் மில்ஸ். 1985இல் அதன் முதல் வரையறை வந்தது. இன்று புழக்கத்தில் உள்ள நான்காம் பதிப்பின் வரையறை 2010இல் வெளியானது. இதில் பாக்கெட்டுக்குள் செல்லும் நேரமுத்திரை 64 பிட் அகலமுள்ளது. முதல் 32 பிட்டுகள் 1900 ஜனவரி 1 முதல் கழிந்த விநாடிகளைச் சொல்லும். அடுத்த 32 பிட்டுகள் விநாடியின் பின்னம். பின்னப் பகுதியின் ஓர் அலகு ஏறத்தாழ 233 பிக்கோவிநாடி, அதாவது எந்தச் சாதாரணக் கணினியாலும் அளக்க முடியாத அளவுக்கு நுண்ணியது. நுணுக்கத்தில் இவ்வளவு தாராளம் காட்டிய வடிவம் நீளத்தில் கஞ்சமாக இருக்கிறது. 32 பிட் விநாடிகள் 136 ஆண்டுகளுக்குச் சற்று மேல் மட்டுமே தாங்கும். இந்த 136 ஆண்டுச் சுற்று ஒவ்வொன்றுக்கும் சகாப்தம் என்று பெயர். இப்போது நடப்பது சுழியச் சகாப்தம். உலகப் பொது நேரப்படி 2036 பிப்ரவரி 7, 06:28:16 மணிக்கு அது முடிந்து முதல் சகாப்தம் தொடங்கும். இந்திய நேரத்தில் அது ஒரு வியாழக்கிழமை, நண்பகலுக்குச் சற்று முன், 11:58:16 மணி. அலுவலகங்களும் வங்கிகளும் மும்முரமாக இயங்கும் வேளை.

மில்ஸ் இதை மறந்துவிடவில்லை. அதே வரையறையில் 128 பிட் அகலமுள்ள தேதி வடிவம் ஒன்றும் இருக்கிறது. அதில் சகாப்த எண்ணுக்கே 32 பிட்டுகள் தனியாக உண்டு. ஆனால் பாக்கெட்டில் அது செல்வதில்லை. சகாப்தம் எது என்பதைக் கணினி வேறு வழியில் அறிந்திருக்க வேண்டும் என்று வரையறை எதிர்பார்க்கிறது. அந்த வேறு வழியைத்தான் ஒவ்வொரு மென்பொருளாளரும் தம் போக்கில் எழுதினார்கள்.

யூனிக்ஸ் கணக்கு வேறு. அது 1970 ஜனவரி 1இல் தொடங்கும். இரண்டு தொடக்கங்களுக்கும் இடையே 2208988800 விநாடிகள். என்டிபி நிரல் எழுதிய எவருக்கும் இந்தப் பத்து இலக்கம் மனப்பாடம். 32 பிட் குறியுள்ள எண்ணில் வைக்கப்பட்ட யூனிக்ஸ் நேரம் 2038 ஜனவரி 19, 03:14:07 வரை செல்லும்; இந்திய நேரத்தில் காலை 8:44:07. அதற்கடுத்த விநாடியில் எண் எதிர்மறையாகி 1901 டிசம்பருக்குப் போய்விடும். துல்லிய நேர நெறிமுறையான பிடிபி 48 பிட் விநாடிகளையும் 32 பிட் நானோவிநாடிகளையும் வைத்திருக்கிறது. அகலம் பற்றிய கவலை அங்கே இல்லை. ஆனால் அது பன்னாட்டு அணுநேரத்தில் எண்ணுகிறது. அணுநேரம் பொது நேரத்தைவிட 37 விநாடி முன்னே ஓடுகிறது. ஜிபிஎஸ் நேரம் 18 விநாடி முன்னே ஓடுகிறது. விண்டோஸ் 1601 ஜனவரி 1 முதல் நூறு நானோவிநாடி அலகில் எண்ணுகிறது.

இத்தனை வடிவங்கள் ஒரே நெட்வொர்க்கில் கலந்து புழங்குவதால், பராமரிப்பவர் ஒரு மருத்துவரைப் போலப் பழகிவிடுகிறார். நேரம் எவ்வளவு தவறு என்ற அளவே பெரும்பாலும் நோயைச் சொல்லிவிடும். சரியாக 37 விநாடி பிசகினால் பிடிபி நேரத்தை யாரோ திருத்தாமல் அப்படியே எடுத்திருக்கிறார்கள். 18 என்றால் ஜிபிஎஸ். 19 என்றால் அணுநேரத்தையும் ஜிபிஎஸ் நேரத்தையும் ஒன்றென்று நினைத்திருக்கிறார்கள். ஐந்தரை மணி நேரம் என்றால் மதர்போர்டுக் கடிகாரத்தில் உள்ளூர் நேரம் எழுதப்பட்டு, பொது நேரமாகப் படிக்கப்படுகிறது. எழுபது ஆண்டு முன்னே போயிருந்தால் தொடக்கக் கணங்கள் கலந்துவிட்டன. லாகில் எல்லாத் தேதியும் 1970 ஜனவரி 20, 21ஐ ஒட்டி நின்றால், விநாடியில் வந்த எண்ணை மில்லிவிநாடி என்று படித்திருக்கிறார்கள். 1970 ஜனவரி 1, காலை 5:30 என்று இருந்தால் அது ஒரு நேரமே அல்ல. நிரப்பப்படாத சுழியம் இந்திய நேர உடை உடுத்தி நிற்கிறது.

இவற்றோடு சேர்க்க வேண்டிய விசித்திரமான அளவு ஒன்று உண்டு: 8 நிமிடம் 50 விநாடி. சகாப்தத்தைக் கவனிக்காத ஒரு நிரல் 2036க்குப் பிந்தைய பாக்கெட்டைப் படித்தால், தேதி 1900 ஜனவரி 1க்குப் போகும். இந்திய நேரம் அமைக்கப்பட்ட லினக்ஸ் கணினி அதைக் காலை 5:30 என்று காட்டாது. 5:21:10 என்று காட்டும். சோதிப்பவர் இரண்டாவது பிழை ஒன்று ஒளிந்திருக்கிறது என்று தேட ஆரம்பித்துவிடுவார். அப்படி ஒன்றும் இல்லை. 1906 ஜனவரி 1 முதல்தான் இந்தியத் திட்ட நேரம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய காலத்துக்கு, லினக்ஸ் உட்படப் பல கணினிகள் பயன்படுத்தும் நேர மண்டலத் தரவுத்தளம் கொல்கத்தா மண்டலத்துக்கு மெட்ராஸ் நேரத்தையே வைத்திருக்கிறது: 5 மணி 21 நிமிடம் 10 விநாடி. 1792இல் நிறுவப்பட்ட மெட்ராஸ் வானாய்வு நிலையத்தின் தீர்க்கரேகையிலிருந்து வந்த கணக்கு அது. ரயில்வே அட்டவணைகள் ஒருகாலத்தில் அதைப் பின்பற்றின. 2038இன் வழிதல் 1901க்குக் கொண்டுபோகும்போதும் இதே மெட்ராஸ் நேரம்தான் திரையில் வரும்: 1901 டிசம்பர் 14, அதிகாலை 2:07:02. எனவே இந்தியாவில் ரோல்ஓவர் சோதனை செய்பவர்கள் எதிர்பார்க்கும் விடைகளை எப்போதும் பொது நேரத்தில் எழுதிவைப்பதே நல்லது.

இனி கணக்குக்கு வருவோம். கிளையண்ட் ஒரு பாக்கெட்டை அனுப்பும் கணம், சர்வர் அதைப் பெறும் கணம், சர்வர் பதில் அனுப்பும் கணம், கிளையண்ட் அந்தப் பதிலைப் பெறும் கணம் ஆகிய நான்கு நேரமுத்திரைகளிலிருந்து என்டிபி தன் வேலையைச் செய்கிறது. போக வந்த இரண்டு வித்தியாசங்களின் சராசரியே கிளையண்டின் பிசகு. இங்கே மில்ஸ் வகுத்த ஒரு கட்டுப்பாடு மிக அழகானது: நேரமுத்திரைகளின் மேல் அனுமதிக்கப்படும் ஒரே கணக்கு கழித்தல். இரண்டு 64 பிட் எண்களைக் கழித்து, விடையைக் குறியுள்ள எண்ணாகப் படித்தால் சகாப்த எல்லை குறுக்கே இருந்தாலும் விடை சரியாகவே வரும். எல்லைக்கு ஒரு விநாடி முன் அனுப்பி ஒரு விநாடி பின் பெற்ற பாக்கெட்டுக்கு இரண்டு விநாடி என்றே வரும். இரண்டு கடிகாரங்களும் 68 ஆண்டுகளுக்குள் இருந்தால் போதும். வித்தியாசங்களை மீண்டும் அதே அகலத்தில் கூட்டிக் கழித்தால் இந்த எல்லை 34 ஆண்டாகக் குறையும். முதல் கழித்தலுக்குப் பிறகு மிதவைப் புள்ளி எண்ணுக்கு மாற்றிக்கொண்டால் 68 ஆண்டும் கிடைக்கும்.

இந்தக் கட்டுப்பாட்டை மீறும் நிரல்கள் இன்றும் எழுதப்படுகின்றன. இரண்டு நேரமுத்திரைகளில் எது பெரிது என்று நேரடியாக ஒப்பிடுவது மிகப் பரவலான மீறல். 2036இன் அந்த ஒரு கணத்தில், பின்னால் வந்தது முன்னால் வந்ததைவிடச் சிறியதாகத் தெரியும். பழைய பாக்கெட் என்று எண்ணி நல்ல பதிலைத் தூக்கியெறிந்துவிடுவார்கள். கூட்டிச் சராசரி எடுப்பது இன்னொன்று. எல்லைக்கு ஒரு விநாடி முன்னும் ஒரு விநாடி பின்னும் உள்ள இரு எண்களைக் கூட்டி இரண்டால் வகுத்தால், விடை 1968 ஜனவரி 20இல் போய் விழும். சராசரி வேண்டுமென்றால் வித்தியாசத்தைப் பாதியாக்கி முதல் எண்ணோடு சேர்க்க வேண்டும்.

யூனிக்ஸ் நேரமாக மாற்றும் இடத்தில்தான் அனுபவஸ்தர்களையும் ஏமாற்றும் பொறி இருக்கிறது. பாக்கெட்டில் வந்த 32 பிட் விநாடியிலிருந்து 2208988800ஐக் கழிக்க வேண்டும், அவ்வளவுதான். சிறிய கருவிகளில் பல ஆண்டுகளாக ஓடும் பழைய நிரல்கள் இந்தக் கழித்தலைக் குறியற்ற 32 பிட் எண்களிலேயே செய்கின்றன. 2036 எல்லை தாண்டியதும் பாக்கெட்டில் வருவது சுழியம். சுழியத்திலிருந்து அந்தப் பெரிய எண்ணைக் கழித்தால் கீழ்வழிந்து 2085978496 என்று வரும். அதுவே 2036 பிப்ரவரி 7, 06:28:16க்கு உரிய சரியான யூனிக்ஸ் நேரம். யாரும் திட்டமிடாமலேயே கணக்கு சரியாகிவிடுகிறது. 2038 பிரச்சினைக்குத் தயாராக வேண்டும் என்று நல்ல நோக்கத்தோடு அதே நிரலின் மாறிகளை 64 பிட்டாக அகலப்படுத்தும்போது இந்தத் தற்செயலான சரி காணாமல் போகிறது. 64 பிட்டில் சுழியத்திலிருந்து கழித்தால் எதிர்மறை எண் வரும். தேதி 1900க்குப் போகும். 2038ஐ எதிர்நோக்கிச் செய்த திருத்தம் 2036இல் கவிழ்த்துவிடுகிறது. அகலப்படுத்தும் ஒவ்வொரு இடத்திலும், விடுபட்ட மேல் பிட்டுகளை எங்கிருந்து எடுக்கிறோம் என்ற கேள்விக்கு வெளிப்படையான விடை எழுதாமல் மாறியின் வகையை மட்டும் மாற்றுவது திருத்தமே அல்ல.

பின்னப் பகுதியில் நேரும் பிழைகள் சிறியவை. ஆனால் விடாமல் தொந்தரவு செய்பவை. ஒரு நானோவிநாடி என்பது பின்னத்தின் நான்கே கால் அலகுக்குச் சற்று மேல். நானோவிநாடியைப் பின்னமாக்கும்போதும், பின்னத்தை மீண்டும் நானோவிநாடி ஆக்கும்போதும் மிச்சத்தை வெட்டியெறிந்தால், ஒரு சுற்றுக்கு ஒரு நானோவிநாடி குறையும். வன்பொருளே நேரமுத்திரை இடும் நெட்வொர்க் அட்டைகளில் இது கண்ணில் படும். வெட்டாமல் முழுமைப்படுத்தினால் வேறு கவனம் தேவை: 999999.7 மைக்ரோவிநாடி முழுமையாகி 1000000 ஆகும்போது, ஒன்றை விநாடிப் பகுதிக்குக் கொண்டுசெல்லாமல் விட்டால் கணினி அந்த எண்ணை ஏற்க மறுக்கும். எதிர்மறைப் பிசகுகளும் அப்படியே. மைனஸ் 0.3 விநாடி என்பதை மைனஸ் 1 விநாடி, பிளஸ் 700000 மைக்ரோவிநாடி என்று எழுத வேண்டும். முழு நேரமுத்திரையையே மிதவைப் புள்ளி எண்ணில் வைப்பவர்கள், 53 பிட் துல்லியத்தில் 32ஐ விநாடிகள் எடுத்துக்கொண்டபின் மீதமிருப்பது அரை மைக்ரோவிநாடி நுணுக்கம் மட்டுமே என்பதை நினைவில் கொள்ள வேண்டும். வித்தியாசங்களை அதில் வைக்கலாம். நேரத்தை வைக்கக் கூடாது. சுழிய மதிப்புக்கும் தனி அர்த்தம் உண்டு: 64 பிட்டும் சுழியமாக இருந்தால் ‘நேரம் தெரியவில்லை’ என்று பொருள். 2036இல் ஒரே ஒரு 233 பிக்கோவிநாடி அளவுக்கு உண்மையான நேரமே செல்லாததாகத் தெரியும். அதற்காக யாரும் கவலைப்படத் தேவையில்லை. விநாடிப் பகுதி மட்டும் சுழியமாக இருப்பதைப் பார்த்தே பாக்கெட்டை நிராகரிக்கும் நிரல்களைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். அவை முழு ஒரு விநாடி குருடாகிவிடும்.

பெரும்பாலான நேர சர்வர்கள் தங்கள் நேரத்தைச் செயற்கைக்கோள்களிடமிருந்து பெறுகின்றன. அங்கே சுற்று இன்னும் குறுகியது. ஜிபிஎஸ் 1980 ஜனவரி 6 முதல் வாரங்களை எண்ணுகிறது. வார எண்ணுக்கு 10 பிட்டுகள். 1024 வாரம், அதாவது 19 ஆண்டு எட்டு மாதத்துக்கும் சற்றுக் குறைவான காலத்துக்கு ஒருமுறை சுழியமாகும். முதல் ரோல்ஓவர் 1999 ஆகஸ்ட் 21 நள்ளிரவில் நடந்தது; இரண்டாவது 2019 ஏப்ரல் 6 நள்ளிரவில்; மூன்றாவது 2038 நவம்பர் 20 நள்ளிரவில் வரும். நவீன சமிக்ஞைகளில் 13 பிட் வார எண் இருக்கிறது; என்றாலும் களத்தில் பொருத்தப்பட்ட ரிசீவர்களில் எண்ணற்றவை பழைய சமிக்ஞையை மட்டும் கேட்பவை. இந்தியாவின் நாவிக் அமைப்பும் 10 பிட் வார எண்ணையே எடுத்துக்கொண்டது. அதன் தொடக்கக் கணம் 1999 ஆகஸ்ட் 22. ஜிபிஎஸ்ஸின் முதல் ரோல்ஓவரையே தன் பிறந்த நாளாக வைத்துக்கொண்டதால், 2019இல் இரண்டும் ஒரே இரவில் சுழியமாயின.

ரிசீவர் தயாரிப்பாளர்கள் விடுபட்ட சுற்றை நிரப்பக் கையாளும் வழி எளியது. ஃபர்ம்வேர் உருவான வாரத்தை நிரலுக்குள் எழுதிவிடுவார்கள். வந்த வார எண் அதைவிடச் சிறியதாக இருந்தால் 1024ஐக் கூட்டிக்கொள்வார்கள். இதனால் ஒவ்வொரு ரிசீவருக்கும் சொந்தமாக ஒரு ரோல்ஓவர் நாள் வாய்க்கிறது. ஃபர்ம்வேர் எழுதி ஏறத்தாழ இருபது ஆண்டு கழித்து, உலகமே அமைதியாக இருக்கும் ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை அது வரும். 2019 ஏப்ரலில் எதுவும் ஆகவில்லை என்று நிம்மதியடைந்த நிலையங்களில் அடுத்த சில ஆண்டுகளில் ஏதோ ஒரு நாள் தேதி 1024 வாரம் பின்னே போனதற்குக் காரணம் இதுதான். பராமரிப்பவர் கையில் இருக்க வேண்டிய குறிப்பு, ஜிபிஎஸ் ரோல்ஓவர் நாள் அல்ல. தன் கூரைமேல் இருக்கும் ரிசீவரின் ஃபர்ம்வேர் தேதி. ரிசீவர் அனுப்பும் வாக்கியங்களில் மிகப் பரவலான ஆர்எம்சி வாக்கியம் வருஷத்தை இரண்டு இலக்கத்தில்தான் சொல்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நான்கு இலக்கம் தேவையென்றால் இசட்டிஏ வாக்கியத்தை இயக்கிவிட வேண்டும்.

2021இல் நடந்த ஒரு சம்பவம் இந்தத் துறையில் இருக்கும் எவரும் விவரமாகப் படிக்க வேண்டியது. செயற்கைக்கோள் ரிசீவர்களை லினக்ஸோடு இணைக்கும் ஜிபிஎஸ்டி என்ற மென்பொருளின் 3.20 முதல் 3.22 வரையிலான பதிப்புகளில், வார எண் சரிதானா என்று பார்க்கும் சில வரிகள் சேர்க்கப்பட்டிருந்தன. பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போகப் பொது நேரத்தில் சேர்க்கப்படும் லீப் விநாடி இன்னொன்று 2022 இறுதிக்குள் சேர்ந்து, ஜிபிஎஸ் வித்தியாசம் 18இலிருந்து 19 ஆகியிருக்கும் என்று அந்த வரிகள் அனுமானித்தன. வித்தியாசம் 19க்குக் குறைவாக இருக்கும்போதே, 1980 முதல் இடைவிடாமல் எண்ணிய வார எண் 2180ஐத் தாண்டினால், ரிசீவர்தான் தவறு செய்கிறது என்று முடிவு செய்து 1024 வாரங்களைக் கழித்துவிடும். லீப் விநாடி எதுவும் வரவில்லை. பூமியின் சுழற்சி முன்கூட்டிச் சொல்லிவிடக் கூடியதல்ல. 2016 டிசம்பர் 31க்குப் பிறகு லீப் விநாடி சேர்க்கவே தேவைப்படவில்லை. வாரம் 2181 தொடங்கிய 2021 அக்டோபர் 24 அன்று, திருத்தப்படாத கணினிகளின் தேதி 2002 மார்ச் 10க்குப் பாய்ந்தது. பிழை சில மாதம் முன்பே கண்டுபிடிக்கப்பட்டு 3.23 பதிப்பில் சரிசெய்யப்பட்டிருந்தது. அமெரிக்க இணையப் பாதுகாப்பு முகமையும் எச்சரித்தது. கேட்டவர்கள் தப்பித்தார்கள்.

அந்த வரிகளை எழுதியவரின் நோக்கத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. பழைய ரிசீவர்களிடமிருந்து பயனரைக் காப்பாற்றவே அவை எழுதப்பட்டன. பிழை எங்கே என்றால், எதிர்காலத்தைப் பற்றிய ஊகத்தை வைத்து நிகழ்காலத்தின் சுற்றை முடிவு செய்ததில். கடந்த காலத்தைப் பற்றி நிச்சயமாகத் தெரிந்த உண்மைகள் கணினியிடமே ஏராளம் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள் தொகுக்கப்பட்ட நாளுக்கு முன் இன்றைய தேதி இருக்க முடியாது. கடிகாரம் சரியாக இருந்தபோது கணினி கடைசியாக வட்டில் எழுதிய கோப்பின் நேரத்துக்கு முன்னும் இருக்க முடியாது. இவை என்றும் பொய்க்காத கீழெல்லைகள். ஃபர்ம்வேர் வாரத்தை வைத்துக் கணக்கிடும் ரிசீவர்கூட இருபது ஆண்டுக்கு நம்பகமாக ஓடுவது அதனால்தான்.

நல்ல மென்பொருள்கள் இந்தக் கீழெல்லைகளையே நம்புகின்றன. க்ரோனி என்ற என்டிபி மென்பொருள், தான் தொகுக்கப்படும் நாளிலிருந்து ஐம்பது ஆண்டு பின்னே ஓர் எல்லையைக் குறித்துக்கொள்கிறது. பாக்கெட்டில் வரும் 32 பிட் விநாடி எதுவாயினும், அந்த எல்லையில் தொடங்கும் 136 ஆண்டுக்குள் அதைப் பொருத்துகிறது. 2020இல் தொகுக்கப்பட்ட க்ரோனிக்கு 1970 முதல் 2106 வரை எந்தக் குழப்பமும் இல்லை. பழைய என்டிபி மென்பொருளான என்டிபிடியில் ஜிபிஎஸ் வாரங்களுக்கு அடிப்படைத் தேதி ஒன்றைக் குறிப்பிட அமைப்பு உண்டு. குறிப்பிடாவிட்டால் தொகுத்த நாளே எடுத்துக்கொள்ளப்படும். எளிய என்டிபி வரையறை வேறொரு வழி சொன்னது: விநாடியின் முதல் பிட் 1 என்றால் 1968 முதல் 2036 வரை, 0 என்றால் 2036 முதல் 2104 வரை. சிறிய கருவிகளுக்கு இதுவே போதுமானது, இரண்டே வரியில் எழுதிவிடலாம். இதைக்கூடச் செய்யாத கருவிகள் சந்தையில் இருப்பது வருத்தத்துக்குரியது. மின்மீட்டர், துணைமின்நிலைய ரிலே போன்றவை இருபது முப்பது ஆண்டு ஓடுவதற்காகவே பொருத்தப்படுகின்றன.

பேட்டரியுள்ள கடிகாரம் இல்லாத கருவிகள் தனிச் சிக்கல். இவை ஒவ்வொரு முறை மின்சாரம் வரும்போதும் 1970இல் கண் விழிக்கின்றன. கிளையண்டின் நேரத்துக்கு மிக அருகில் இருக்கும் சகாப்தத்தைத் தேர்ந்தெடுப்பது என்ற பரவலான விதியை இவை பின்பற்றினால், 1970இலிருந்து 68 ஆண்டுதான் எட்டும். அந்த 68 ஆண்டு முடிவதும் 2038 ஜனவரி 19 காலையிலேதான், ஏனெனில் இரண்டுமே 31 பிட் விநாடிகள். அதற்குப் பிறகு இயக்கப்படும் கருவி, 64 பிட் நேரம் வைத்திருந்தாலும், அருகில் இருப்பது 1901தான் என்று முடிவு செய்து பின்னால் போய்விடும். 64 பிட்டுக்கு மாறியாயிற்று, 2038 நமக்கில்லை என்று சொல்பவர்கள் கவனிக்காமல் விடும் இடம் இது. தீர்வு சுலபம். ஒத்திசைவு தொடங்கும் முன் கடிகாரத்தை ஏதாவது ஒரு கீழெல்லைக்கு நகர்த்திவிட வேண்டும். லினக்ஸில் உள்ள சிஸ்டம்டியின் ஒத்திசைவு நிரல் கடைசி நேரத்தை ஒரு கோப்பின் தேதியாகப் பாதுகாக்கிறது. ராஸ்பெர்ரி பையின் பழைய மாதிரிகளில் போலிக் கடிகார நிரல் ஒன்று மணிக்கொருமுறை நேரத்தை எழுதிவைக்கும். சில மணி நேரம் பிந்திய தேதி 1970ஐவிட ஆயிரம் மடங்கு மேல். சான்றிதழ் சரிபார்ப்புக்கும் அது உதவும். 1970இல் எந்தச் சான்றிதழும் செல்லுபடியாகாது, பாதுகாக்கப்பட்ட நேர சர்வரோடு பேசவும் முடியாது.

தவறான தேதி எவ்வளவு தூரம் பரவும் என்பதை நுழைவாயில் விதிகள் தீர்மானிக்கின்றன. என்டிபிடி 1000 விநாடிக்கு மேல் பிசகைக் கண்டால் திருத்த மறுத்து நின்றுவிடும். ஆனால் தொடங்கும்போது ஒருமுறை எவ்வளவு பெரிய பாய்ச்சலையும் ஏற்கும் விருப்பத்தோடுதான் பெரும்பாலான கணினிகள் அமைக்கப்பட்டுள்ளன. ஆகவே ஓடிக்கொண்டிருக்கும் கணினி தப்பிக்கும். அன்றைக்கு மறுதொடக்கம் செய்யப்பட்டது சிக்கும். நான்கு சர்வர்களை வைத்துப் பெரும்பான்மை பார்ப்பது நல்ல பழக்கம். அந்த நான்கும் ஒரே ரிசீவர், ஒரே மென்பொருள் பதிப்பில் ஓடினால், நான்கும் ஒரே குரலில் தவறு சொல்லும். பெரும்பான்மைக் கணக்கு அதை உண்மையென்று ஏற்கும். ஒன்றாவது வேறு வழியில், உதாரணமாகத் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் சர்வர் போன்ற இடத்திலிருந்து, நேரம் பெற வேண்டும்.

சோதிக்கும்போது நிஜ நெட்வொர்க்கைத் தொடாமல் மெய்நிகர்க் கணினிகளைத் தனிமைப்படுத்தி வைப்பது கட்டாயம். தேதி 2036க்குப் போனதும் உரிமங்கள் காலாவதியாகும், பழைய லாகுகளை அழிக்கும் வேலைகள் விழித்துக்கொண்டு பத்தாண்டுக் கோப்புகளையும் துடைத்துவிடும். குறைந்தது நான்கு நிலைகளைப் பார்க்க வேண்டும்: இருவரும் எல்லையை ஓடிக்கொண்டே கடப்பது, எல்லைக்குப் பின் இருவரும் புதிதாகத் தொடங்குவது, சர்வர் எல்லைக்குப் பின்னும் கிளையண்ட் முன்னும் இருப்பது, சர்வர் 2038 பிப்ரவரியிலும் கிளையண்ட் 1970இலும் இருப்பது. கடைசி நிலையில் தோற்பவை அதிகம். ரிசீவர்களுக்குச் செயற்கைக்கோள் சமிக்ஞையைப் போலியாக உருவாக்கும் கருவி தேவை. அதைக் கேபிள் வழியாக மட்டும் இணைக்க வேண்டும், ஆண்டெனாவில் விடக் கூடாது; விட்டால் அக்கம்பக்கத்துக் கடிகாரங்களும் எதிர்காலத்துக்குப் போய்விடும்.

லினக்ஸ் கெர்னல் 2020இல் வந்த 5.6 பதிப்பிலிருந்து 32 பிட் கணினிகளிலும் 64 பிட் நேரத்தைத் தாங்குகிறது. சி நூலகமான ஜிலிப்சி 2021இல் 2.34 பதிப்பில் அதற்கு வழி திறந்தது. என்டிபியின் ஐந்தாம் பதிப்புக்கான வரைவில் சகாப்த எண்ணுக்குப் பாக்கெட்டிலேயே ஒரு புலம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. எந்த நேர அளவில் எண்ணுகிறோம் என்பதற்கும் ஒன்று உண்டு. களத்தில் ஏற்கெனவே உள்ள நான்காம் பதிப்புக் கருவிகளுக்கு அந்தப் புலம் தெரியாது. அவற்றின் மேல் பிட்டுகளை 2036க்குப் பிறகும் அவற்றின் தொகுப்புத் தேதியே நிரப்ப வேண்டியிருக்கும்.